தீவட்டி ஏந்தி வந்த தாய்

தாயே, திமீட்டர் தாயே! பயிரைக் காப்பவளே, பெற்ற மகளைப் பறிகொடுத்தவளே! உன்னை எனக்குக் காட்டிக்கொடுத்தது பிள்ளைகள் படிக்கும் ஒரு காமிக்ஸ் புத்தகம். அமெரிக்கரான ஜார்ஜ் ஓ'கானர் கிரேக்கக் கடவுளரின் கதைகளை எழுதி வரைந்த ‘ஒலிம்பியன்ஸ்’ வரிசை 2010-இல் தொடங்கி 2022-இல் 12-ஆம் புத்தகத்தோடு நிறைந்தது. 2012-இல் வந்த நான்காம் புத்தகத்துக்குப் பாதாள ராஜா ஹேடீஸின் பெயர். அவன் பெயரைத் தாங்கிய புத்தகத்தில் என்னை ஆட்கொண்டவள் நீ.

தொடக்கத்திலேயே வாசிக்கிற பிள்ளையிடம் நேராகப் பேசி, செத்தவர்கள் போகும் வழியில் கூட்டிப்போகிறார் ஓ'கானர். சாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே பிள்ளைகளை வெளியே போய் விளையாடச் சொல்லுகிறவர்கள் நாம். அந்தத் துணிவை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அக்கா இறந்த பிறகு அவள் மகளுக்கு அந்தப் புத்தகத்தை வாசித்துக் காட்டினேன். ஹேடீஸ் கவர்ந்துபோக, உன் மகள் பெர்சிஃபொனியைப் பூமி விழுங்கியது. நீ தேடி அலைந்தாய். பிள்ளை பக்கத்தைத் திருப்பவிடவில்லை.

“சித்தி, சாமிக்கே அழுகை நிக்கலியே.”

பிறகு கேட்டாள்: “எங்கம்மாவும் அங்கேயிருந்து என்னைத் தேடுவாளா?”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மகளைத் தேடும் தாயின் கதைக்குள் தாயைத் தேடும் மகள் எத்தனை சுலபமாகப் புகுந்துவிட்டாள்! தேடுவாள் கண்ணே, தேடுவாள் என்றேன். அந்தச் சொல்லை என் வாயில் வைத்தவள் நீதான் தாயே.

அதன் பின்பு உன் பழைய துதியைத் தேடிப் படித்தேன். ஹோமர் பெயரால் வழங்கும் அந்தப் பாட்டின் ஏட்டுப் பிரதி 1777-இல் மாஸ்கோவில் கிடைத்தது. ஒன்பது நாள், கையில் எரியும் தீவட்டியோடு மண்ணெங்கும் நடந்தாய். அமுதம் தொடவில்லை, குளிக்கவில்லை. எலூசிஸ் ஊர்க் கிணற்றடியில் கிழவியாக உட்கார்ந்தாய். அரண்மனையில் முக்காடிட்டு மௌனமாக இருந்த உன்னை இயாம்பி என்ற பெண் கேலி பேசிச் சிரிக்க வைத்தாள். துக்கத்தில் சிரித்துவிட்டோமே என்று குறுகிப்போகும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய அபயம் ஏது? நீ சிரித்தாய் தாயே! பார்லி மாவும் புதினாவும் கலந்த நீரை வாங்கிக் குடித்தாய். அதற்காக உன் துயரம் பொய்யாகிவிடவில்லை. விதைத்தது முளைக்காமல் உலகமே வறண்டது. சமாதானம் சொல்லத் தேவர்கள் ஒவ்வொருவராகக் காணிக்கையோடு வந்தார்கள். நீ அசையவில்லை. என் மகளை என் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்று இருந்தாய். கடைசியில் இறங்கி வந்தவன் தேவர்களின் அரசன் சீயஸ்.

பாதாளத்தில் மாதுளை முத்தைத் தின்றதால் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு உன் மகள் கீழே இருந்தாக வேண்டும். முழுசாகத் திரும்பிக் கிடைக்கவில்லை. ஆனாலும் வருகிறாள், பூக்களோடு வருகிறாள்!

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் உன் அடியார்கள் ஏதென்ஸிலிருந்து எலூசிஸுக்கு 20 கிலோமீட்டருக்குக் குறையாமல் நடந்தார்கள். நோன்பிருந்து, நீ குடித்த அதே பார்லி நீரைக் குடித்தார்கள். பெண்கள் வந்தார்கள், அடிமைகள் வந்தார்கள். தீட்சை தரும் மண்டபத்துக்குள் கண்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. தீட்சை பெற்ற ரோமானியர் சிசரோ, மகிழ்ந்து வாழவும் நல்ல நம்பிக்கையோடு சாகவும் அங்கே கற்றதாக எழுதிவைத்தார்.

தாயே, அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில் எங்களுக்கும் இடம் கொடு. பிள்ளை கால் வலிக்கிறது என்றால் நான் தூக்கிக்கொள்கிறேன்.