நின்றதா இதயம்?

பலரின் மணிக்கட்டில் இன்று இசிஜி, அதாவது இதயத்தின் மின்னலையைப் பதியும் கடிகாரம். ஆப்பிள் கடிகாரத்தை எந்தக் கையில் கட்டியிருக்கிறோம் என்று தவறாகக் குறித்தால் அலை தலைகீழாக வரும். அமைப்பைத் திருத்தினால் சரி.

இசிஜியிடம் முன்பே கேட்கப்பட்ட கேள்வி ஒன்று உண்டு: யோகியால் இதயத்தை நிறுத்த முடியுமா? 1935இல் தெரேஸ் ப்ரோஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்தியாவில் இசிஜி எடுத்து, ஏறக்குறைய முடியும் என்றார்.

வெங்கர், பாக்சி, ஆனந்த் மூவரும் 1961இல் வெளியிட்ட ஆய்வு அதைத் திருத்தியது. யோகிகள் மூச்சை அடக்கித் தசைகளை இறுக்கியதால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்தது. நாடி விரலுக்கு எட்டவில்லை. இசிஜியில் துடிப்பு தொடர்ந்தது.

இந்தப் பாக்சி யார்? ஒருகாலத்தில் யோக குரு யோகானந்தரின் தோழராயிருந்த துறவி, சுவாமி தீரானந்தா! முன்னாள் துறவியே யோகிகளை அளந்து பார்த்தார் என்பதுதான் இதில் அழகு.

ஆய்வில் ஒரு யோகி இதயத்தை நிறுத்துவதாகச் சொல்லவில்லை. துடிப்பின் வேகத்தைக் குறைத்துக் காட்டினார். அதுவே பெரிய வித்தைதான்.