மூளையலைப் பயிற்சியும் உயிரறிவும்

கண் பிற பொருள்களைக் காணுமன்றித் தன்னைத் தான் காணமாட்டாது. காணவேண்டின் ஆடியொன்று வேண்டும். மூளையின் தொழிலுக்கும் அத்தகைய ஆடியொன்றை இக்காலத்தார் அமைத்துள்ளனர். அதுவே 'நியூரோபீட்பேக்' எனப்படும் பயிற்சி. இதனால் மூளை தன்னைத் தானே திருத்திக்கொள்ளுதலின், அதனின் வேறாக அறிவானொருவன் வேண்டப்படான் என்பர் ஒருசாரார். தியானத்தின் பயனை இக்கருவியே எளிதில் தரும் என்பர் மற்றொருசாரார். இவ்விரு கூற்றும் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

ஜெர்மனி தேயத்து ஜேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்னும் மருத்துவர் 1924-ஆம் ஆண்டில் மனித மூளையின் மின்னசைவைப் பதிவுசெய்து, 1929-இல் வெளியிட்டார். கண்மூடி அமைதியாய் இருப்பார்க்கு நொடிக்கு ஏறக்குறைய 8 முதல் 13 முறை எழுந்துவிழும் அலை மிகுதலையும், கண்திறப்ப அது குன்றுதலையும் அவர் கண்டார். அது ஆல்பா அலை எனப்பட்டது. பயிற்சியில், தலைத்தோலின்மேல் பொருத்திய மின்வாய்கள் பற்றும் மின்னசைவைக் கணிப்பொறி உடனுக்குடன் பகுத்து, வேண்டிய அலை மிக்கவழி ஒலியாகவோ திரையில் உருவின் அசைவாகவோ பயில்வார்க்குக் காட்டும். பயன் தந்த செயலை மீட்டுஞ் செய்தல் உயிர்கட்கு இயல்பாதலின், பலகாற் பயில அவ்வலை எழுதற்குரிய நிலை வழக்கமாகும் என்பது இதன் கருத்து.

1958-ஆம் ஆண்டளவில் சிகாகோவில் ஜோ காமியா என்னும் உளநூலார், கண்மூடியிருந்த ஒருவரை, மணியொலிக்குந்தோறும் தமக்கு ஆல்பா அலை உளதோ இலதோ எனக் கூறச்செய்து, கூறியது சரியா தவறா என்று உடனே அறிவித்தார். முதனாளில் விடை பாதியளவே சரியாயிற்று. சில நாளிற் பெரும்பாலும் சரியாயிற்று. தன் நிலையே ஆயினும், பிறர் அறிவிக்கவே அவர் அறிந்தார். அறிவிக்க அறிவது உயிர் என்னும் கொள்கையுடையார்க்கு இது வியப்பன்று.

ஆயின், 1960-களில் கலிபோர்னியாவில் பாரி ஸ்டெர்மன் என்பார் நொடிக்கு 12 முதல் 15 வரையுள்ள அலையை எழுப்புமாறு பூனைகளை உணவு தந்து பழக்கினார். அவை யாங்ஙனம் எழுப்பினோம் என்பதை அறியா. ஆகலின் அறிவான் வேண்டாவன்றோ எனின், அற்றன்று. நடப்பான் எத்தசை எவ்வாறு சுருங்கிற்று என்று அறியான். அதனால் நடப்பான் இலன் ஆகான். எவ்வலை எழுதல் நன்று என்பதும் அலையினிடத்து இல்லை. பழக்கினோர் கருத்தில் உள்ளது. எனினும் இச்சோதனை உயிருண்மையை நாட்டிற்று என யாம் கூறேம். அதற்குப் பிரமாணம் வேறு. உயிரை இது மறுத்திலது என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

இனி, 1970-களில் அமெரிக்காவில் ஆல்பா அலையே அமைதியெனக் கருதிக் கருவி வாங்கினோர் பலர். கண்ணை மூடினும் மிகுவது அவ்வலை. அதனை ஞானத்திற்கு அடையாளமாகக் கொள்ளுதல், பனியைப் புகையென மயங்கித் தீயைத் தேடுவதையொக்கும்.

மற்றொன்றும் கருதற்பாலது. கவனக்குறைவுடைய 7 முதல் 10 வயதுவரையுள்ள சிறாரை இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்கு அவர்தம் அலையையும், மற்றையார்க்குப் போலியையும் காட்டிய அமெரிக்க ஆய்வொன்று 2021-இல் வெளிவந்தது. எவர்க்கு எது என்பதைச் சிறாரும் பெற்றோரும் அறியார். பயிற்சி முடிவில் இருதிறத்தாரும் நலமெய்தினர். அவரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்பட்டிலது. ஒழுங்காக அமர்தல், பிறர் காட்டும் பரிவு, நம்பிக்கை என்பனவும் நலத்திற்கு ஏதுவாகலாம் என்பது இதனாற் பெறப்படும். ஆகலின் இப்பயிற்சியை விற்போர், மகவின் நலங்கருதிப் பொருள் செலவிடும் பெற்றோர்க்கு இம்முடிவை மறையாதுரைத்தல் கடன்; மறைத்தல் பொய்யின்பாற்படும்.

சமயத்தாராகிய நமக்கும் இக்கடன் உண்டு. காமியாவின் சோதனை நம் கொள்கைக்கு இயைந்தது எனக் கொண்டாடிப் பிற்கூறியவற்றை ஒளித்தல் நடுவுநிலையன்று. ஆடி முகத்தைக் காட்டும். மாசு துடைத்தல் உடையான் செயல். காட்டியதன் அளவே கருவிக்கு ஏற்றம் தருதல் முறையென்க.