நன்றிக்கு ஒரு தள்ளுபடி



உல்லாசக் கப்பல் பயணம் இப்போது நம் குடும்பங்களில் சர்வசாதாரணமாகிவிட்டது. அறுபதாம் கல்யாணம் என்றால் கப்பல், பிள்ளைகள் பட்டம் வாங்கினால் கப்பல். நானும் போய் வந்தேன். ஆனால் நான் எழுத வந்தது அலாஸ்காவின் பனிமலைகளைப் பற்றியோ, கப்பலில் சைவச் சாப்பாடு கிடைத்ததா என்பதைப் பற்றியோ அல்ல. (கிடைத்தது. மூன்றாம் நாளிலிருந்து அலுத்தும் போனது.) புறப்படுவதற்கு முன் 250 டாலரைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம் நடந்தது. மற்றவர்கள் அதை மறந்துவிட்டார்கள். எனக்குள் அது இன்னும் முடியவில்லை.

2023ஆம் ஆண்டுக் கோடையில் என் தங்கையின் கணவருக்கு எழுபது வயது நிறைந்தது. அதை ஒட்டி இரண்டு குடும்பங்களும் சேர்ந்து சியாட்டிலிலிருந்து ஏழு நாள் பயணம் போவதென்று முடிவாயிற்று. பதிவு செய்த முகவர் அம்மையார் தொலைபேசியில் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர் உண்டா? முன்பு இந்தக் கப்பல்களில் வந்தவர் உண்டா? இராணுவத்தில் இருப்பவரோ, இருந்தவரோ உண்டா? கடைசிக் கேள்வி முடிவதற்குள் தங்கை, "என் மகன்" என்றாள். அப்படியானால் அவருடைய டிடி-214 பத்திரத்தின் நகலை அனுப்புங்கள், கப்பலில் செலவழிக்க அவர் கணக்கில் 250 டாலர் வரவு வைப்பார்கள் என்று பதில் வந்தது.

மருமகன் மறுத்துவிட்டான்.

"அம்மா, அந்தத் தாளை வி.ஏ. ஆஸ்பத்திரியில காட்டியிருக்கேன். வீட்டுக் கடனுக்குக் காட்டினேன். அது கவர்மெண்ட் எனக்குக் கொடுத்த வாக்கு. கப்பல்காரனுக்கு எதுக்குக் காட்டணும்?" என்றான்.

"சும்மா கொடுக்கிறதை யாராவது வேண்டாம்பாங்களா? அண்ணா, நீங்களாவது சொல்லுங்க" என்றாள் தங்கை. நானும் சொன்னேன். ஊரில் எங்கள் சித்தப்பாவின் மிலிட்டரி கேன்டீன் கார்டை வைத்துத் தெருவே சோப்பும் பிரஷர் குக்கரும் வாங்கிய காலம் எங்கள் இருவருக்கும் நினைவிருந்தது. வாங்குவதில் கேவலம் ஒன்றுமில்லை என்றேன். கேவலம் என்று நான் சொல்லவில்லையே மாமா, என்றான். அத்தோடு எழுந்து போய்விட்டான்.

அவன் ஏன் மறுத்தான் என்பதை நான் நிதானமாக யோசித்தது பிறகுதான்.

முதலில் இந்தச் சலுகை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கப்பலில் ரொக்கம் செல்லாது. அறைச் சாவியாகிய அட்டையை நீட்டினால் செலவு நம் கணக்கில் ஏறும். இராணுவத்தினருக்குச் சில கப்பல்கள் கட்டணத்தையே குறைக்கின்றன; சில, இந்தக் கணக்கில் ஒரு தொகையை முன்கூட்டியே வரவு வைக்கின்றன. பயண நாள்களைப் பொறுத்து அது பொதுவாக 50 டாலரிலிருந்து 250 டாலர் வரை இருக்கும். அந்தப் பணத்தை மது, மசாஜ், புகைப்படம், கரையில் சுற்றிப் பார்க்கும் பயணம் ஆகியவற்றுக்குச் செலவிடலாம். இப்படி இனாமாக வரும் தொகையில் மீதி இருந்தால் பெரும்பாலும் கையில் தர மாட்டார்கள். கப்பலை விட்டு இறங்கினால் அது காற்றோடு போயிற்று. கட்டணக் குறைப்பும் அப்படித்தான். காலியான அறையோடு புறப்பட்ட கப்பலுக்கு அந்த அறையின் வருமானம் திரும்ப வராது. பாதி விலைக்கு ஏறினவரும் உள்ளே வந்து செலவு செய்வார். கொடுப்பவருடைய கடையிலேயே செலவாக வேண்டிய பணம், கொடுப்பவர் லாபத்தில் பெரிதாக ஒன்றும் குறையாத பணம். இதை வியாபாரம் என்று சொன்னால் எவருக்கும் வருத்தமில்லை. விளம்பரத்தில் இதற்கு "நன்றி" என்று பெயர். அங்கேதான் எனக்கு இடறுகிறது.

சியாட்டில் துறைமுகத்தில் ஏறும்போது கப்பலின் பின்புறத்தை அண்ணாந்து பார்த்தேன். பெரிய எழுத்தில் "நாசாவ்" என்று எழுதியிருந்தது. அது பஹாமாஸ் தீவுகளின் தலைநகர். உல்லாசக் கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்டா ஆகிய நாடுகளின் கொடிகளை ஏந்துபவை. அமெரிக்கக் கொடி ஏந்திய பெரிய கடற்பயணக் கப்பல் ஹவாய்த் தீவுகளைச் சுற்றும் "பிரைட் ஆஃப் அமெரிக்கா" ஒன்றுதான். 1886ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெளிநாட்டுக் கொடி ஏந்திய கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்ப முடியாது. ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்திலாவது நிற்க வேண்டும். நம் அலாஸ்காக் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்பது அதனால்தான். வெளிநாட்டில் பதிவான கப்பல் நிறுவனங்களின் சர்வதேசப் பயண வருமானத்துக்கு, சில நிபந்தனைகளோடு, அமெரிக்க வரிச் சட்டத்தின் 883ஆம் பிரிவு விலக்கும் அளிக்கிறது. சட்டம் அனுமதிப்பதைச் செய்வது குற்றமில்லை. ஆனால் மருமகன் போகும் வி.ஏ. ஆஸ்பத்திரி நடப்பது வரிப்பணத்தில். வரி செலுத்தும் வரிசையில் நிற்காதவர், வாசலில் நின்று நன்றி சொல்லி மாலை போடுகிறார். அந்த மாலையை ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை மாலைக்குரியவனுக்கு உண்டா இல்லையா?

படைவீரருக்கு இப்படி வரவு எழுதிக் கொடுப்பது இந்நாட்டில் புதிதுமல்ல. முதல் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு 1924ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. உள்நாட்டில் பணி செய்த நாளுக்கு ஒரு டாலர், கடல் கடந்து செய்த நாளுக்கு ஒன்றேகால் டாலர் என்று கணக்குப் போட்டார்கள். தொகை 50 டாலருக்கு மேல் போனால் கையில் தரவில்லை, ஒரு சான்றிதழ் தந்தார்கள். அது 1945இல்தான் பணமாகும். அதற்கு முன் வீரர் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும். அதனால் அதற்குக் கல்லறை போனஸ் என்று பெயர் வைத்தார்கள். பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த பல்லாயிரம் பேர் 1932இல் மனைவி மக்களோடு வாஷிங்டனுக்கு வந்து, எங்கள் பணத்தை இப்போதே கொடுங்கள் என்று குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். ஜூலை 28ஆம் தேதி ஜெனரல் மக்கார்தர் தலைமையில் இராணுவமே வந்து, கண்ணீர்ப்புகை வீசி அவர்களை விரட்டியது. குடிசைகள் எரிந்தன. 1936இல், ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மறுப்பையும் மீறிக் காங்கிரஸ் அந்தப் பணத்தைக் கொடுத்தது.

அந்த வெட்கம் ஆறுவதற்குள் அடுத்த போர் வந்துவிட்டது. 1944இல் நிறைவேறிய ஜி.ஐ. சட்டம் படிப்புச் செலவையும் வீட்டுக் கடன் உத்தரவாதத்தையும் தந்தது. 1956க்குள் 78 லட்சம் பேர் அதனால் படிப்போ பயிற்சியோ பெற்றார்கள். தென்மாநிலங்களில் கறுப்பின வீரர்கள் பலருக்கு உள்ளூர் அதிகாரிகள் இதைக் கைக்கெட்டாமல் செய்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் அது தேசம் முழுவதும் தன் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. கொடுத்தவருக்கு அதில் செலவு இருந்தது. மருமகன் "கவர்மெண்ட் கொடுத்த வாக்கு" என்றது இந்த வம்சத்தைச் சேர்ந்ததைத்தான்.

இப்படியெல்லாம் யோசித்து, அவன் செய்ததே சரி என்று முடிவுகட்டிய நிலையில்தான் கப்பலில் அந்தப் பெரியவரைச் சந்தித்தேன். காலைச் சிற்றுண்டியில் பக்கத்து மேசை. வியட்நாம் போரில் இருந்தவர் என்று எழுதிய தொப்பி அணிந்திருந்தார். பேச்சு வாக்கில் இராணுவச் சலுகை பற்றிக் கேட்டேன். வாங்கினேன், ஒரு சதம் விடாமல் செலவும் செய்வேன் என்று சிரித்தார். பிறகு சிரிப்பு போயிற்று. பத்தொன்பது வயதில் அவரைக் கட்டாயமாக அழைத்துப் போனார்களாம். கல்லூரியில் இடம் பிடித்த நண்பர்கள் போகாமல் தப்பித்தார்கள். திரும்பி வந்த பின் பல வருடங்கள், எங்கே இருந்தாய் என்று கேட்பவர்களுக்கு உண்மையைச் சொன்னதில்லையாம். "இந்தக் கப்பல் கம்பெனி எனக்கு நன்றிக்கடன் படவில்லை என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் பதிவு செய்யும்போது ஒருவர் கேட்டார், நீங்கள் இராணுவத்தில் இருந்தீர்களா என்று. ஆமாம் என்று சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு எத்தனை வருடம் ஆயிற்று தெரியுமா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. என் வாதம் முழுவதும் தடுமாறிவிட்டது. கொடுப்பவன் மனம் எப்படியிருந்தால் என்ன, வாங்குபவருக்கு அது மரியாதையாகப் போய்ச் சேர்ந்துவிட்டதே. ஒரே பொருள் ஒருவருக்கு மரியாதையாகவும் இன்னொருவனுக்கு விலைச்சீட்டாகவும் இருக்கிறது. அந்த வித்தியாசம் பொருளில் இல்லை. இருவரும் எப்படிப் போனார்கள், யார் அவர்களை வழியனுப்பினார்கள் என்பதில் இருக்கிறது.

திருக்குறளில் பதினோராவது அதிகாரம் செய்ந்நன்றி அறிதல், அடுத்தது நடுவுநிலைமை. ஏன் அந்த வரிசை என்பதற்குப் பரிமேலழகர் ஒரு காரணம் சொல்கிறார். ஒருவர் செய்த உதவியை நினைக்கும்போது நடுவுநிலை தவறிவிடக்கூடும், அங்கேயும் தவறக்கூடாது என்பதற்காகவே இதை அதன் பின் வைத்தார் என்று. பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்தேன். பொருள் பட்டது இப்போதுதான். கப்பலில் எங்கள் அறையைச் சுத்தம் செய்த இந்தோனேசியப் பையன் பெண்டாட்டி பிள்ளையைப் பார்த்து ஏழு மாதம் ஆகிறது என்றான். 2020இல் துறைமுகங்கள் கதவை மூடியபோது இவனைப் போன்றவர்கள் மாதக்கணக்கில் கப்பலிலேயே அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்கள் நீட்டிக் காட்ட ஒரு பத்திரமும் இல்லை. படையிலேயேகூட, போரில் மனம் சிதைந்து ஒழுங்கு மீறியதால் "கௌரவமான விடுவிப்பு" என்ற சொல்லை இழந்தவர்கள் உண்டு. அவர்களுடைய டிடி-214 பல கதவுகளைத் திறக்காது.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

மருமகன் இந்நாட்டுக்கு மேல்படிப்புக்கு வந்தவன். 2009இல், வேலைகள் இல்லாத காலம், அமெரிக்க இராணுவம் மாவ்னி என்ற திட்டத்தைத் தொடங்கியது. குடியுரிமையோ பச்சை அட்டையோ இல்லாதவர்களிலும், தேவைப்படும் மொழி தெரிந்தவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அடிப்படைப் பயிற்சி முடிந்ததும் குடியுரிமை. (2016க்குப் பிறகு புதிதாக ஆள் எடுக்கவில்லை. பின்னால் சேர்ந்த பலர் பின்னணிச் சோதனை முடியாமல் ஆண்டுக்கணக்கில் தவித்தார்கள்.) அவன் சேர்ந்தான். திருச்சியிலிருந்து தங்கை போனில் அழுதாள். நான் அவனைக் கூப்பிட்டு, "எம்.எஸ். படிக்க வந்தவனுக்குப் பட்டாளம்தான் கிடைத்ததா?" என்று கேட்டேன். 2011இல் அவன் மருத்துவ உதவியாளனாக ஆப்கானிஸ்தானில் இருந்த மாதங்களில் ஒரு கடிதம்கூட எழுதவில்லை. நம் ஆலயத்தில் யாராவது, உங்கள் மருமகன் எங்கே என்று கேட்டால், டகோமா பக்கம் வேலை என்பேன். அவனுடைய இராணுவ முகாம் அங்கேதான் இருந்தது, ஆகவே பொய்யில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொள்வேன். அந்த வியட்நாம் பெரியவர் தன்னைத் தானே மறைத்தார். இவனை மறைத்தது நான்.

என் தங்கையும் அவள் கணவரும் பிறகு இங்கே வந்து குடியேறியதே அவனுடைய குடியுரிமையால்தான். அந்த நன்றிக்கு எங்கள் குடும்பம் என்ன செய்தது என்று எண்ணிப் பார்த்தால், 250 டாலருக்காக அவன் பத்திரத்தைக் கேட்டதுதான் நினைவுக்கு வருகிறது. இந்நாட்டில் 1973இலிருந்து கட்டாய இராணுவச் சேவை இல்லை. எந்நேரமும் முழுநேரப் படையில் இருப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மீதி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரான நாம், கடைக்காரர் நம் சார்பில் ஏதோ கொடுத்துவிடுகிறார் என்று நிம்மதியாக இருக்கிறோம். கடன் கடைக்காரருடையது அல்ல என்று மருமகனுக்குத் தெரிந்திருந்தது. யாருடையது என்பதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் மாலை. மற்றவர்கள் நாடகம் பார்க்கப் போயிருந்தார்கள். மேல்தளத்தில் அவன் மட்டும் நின்றான். ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். ரொம்ப நேரம் கழித்து, "அங்கே நீ என்னப்பா வேலை பார்த்தே?" என்று கேட்டேன். டகோமாவையா கேட்கிறீர்கள், என்றான். இல்லை என்றேன். என் முகத்தை ஒரு தடவை பார்த்தான்.

"குளிரும் மாமா. உள்ளே போய் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வாங்க, சொல்றேன்" என்றான்.