வெளிநாட்டுப் படிப்பும் எழுதி வைக்காத கடனும்

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை என்றதும், நம் சிறுவாச்சூர் அத்தாமார்கள் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் 2024 செப்டம்பரிலிருந்து விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில் ஓராண்டுச் செலவாக 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் பிள்ளையின் கைக்கு வரும். வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதற்குள். முதுநிலைப் படிப்போ பெரும்பாலும் இரண்டு வருடம்!

அந்தத் தொகைக்கு மச்சானிடம் வாங்குகிறோம், வாய்ச்சொல்லாக. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், அல்பகரா 282, எதைப் பற்றியது? கடனைத் தவணையோடு எழுதி, சாட்சி வைப்பதைப் பற்றியது. சொந்தத்துக்குள் எழுதினால் முகம் சுளிப்பார்களே என்கிறோம். நாளை உங்கள் ஜனாஸாவில் நின்று மச்சான் கேட்டால், எவ்வளவு என்று மகனுக்குத் தெரியுமா?

ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனதும் மகனை உட்கார வைத்து இரண்டு வருடக் கணக்கையும் எழுதுங்கள். மச்சானின் பெயரும் தவணையும் அதில் இருக்கட்டும்.