வேன் போதும்

ஓடும் வீட்டின் மேல் உள்ள ஆசை இப்போது மாதச் சம்பளக்காரர்களையும் தொற்றியிருக்கிறது. பழைய மாருதி ஆம்னியோ ஈக்கோவோ ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில் அடித்து, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சோலார் தகடு எல்லாம் பொருத்திவிட்டால் நினைத்த ஊரில் நினைத்த நேரத்தில் தங்கலாம். ஆசையில் குற்றமில்லை. கையில் இரண்டு லட்சம்தான் இருக்கிறது என்றால், அந்த இரண்டு லட்சம் உண்மையில் எதை வாங்கித் தருகிறது என்பதே கேள்வி. என் கட்சி இதுதான்: குறைந்த பணத்தில் வண்டி வாங்குகிறவர் அதற்குள் வீடு கட்டக் கூடாது. நல்ல நிலையில் உள்ள சாதாரண வேனாகப் பார்த்து வாங்கி, பாயையும் பாத்திரத்தையும் ஏற்றி இறக்கிக்கொள்வதே அவருக்குக் கட்டுப்படியாகும், பாதுகாப்பும்கூட.

தருமபுரி மாவட்டம் தீர்த்தமலையை எடுத்துக்கொள்வோம். ஆடிப்பெருக்கு அன்று அனுமன்தீர்த்தத்தில் தென்பெண்ணையில் முழுகிவிட்டு, தீர்த்தகிரீஸ்வரரைப் பார்க்க மலையேறும் கூட்டத்தில் வேன் பிடித்து வருகிற குடும்பங்களும் உண்டு. அவர்கள் கொண்டுவருவது தூக்குவாளியில் புளிசாதம், சுருட்டிய பாய், மாற்றுத்துணி. கோயிலுக்குப் படியேறித்தான் போக வேண்டும் என்பதால் வண்டி எப்படியும் அடிவாரத்தில் கிடக்கும். அதற்குள் கட்டில் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. குளிக்க ஆறும் தீர்த்தங்களும், உட்காரப் படிக்கட்டும், சாப்பிட மரத்தடியும் ஊரே கொடுத்துவிடுகிறது. தமிழ்நாட்டுப் பயணத்தின் பழைய முறையும் இதுதான். பயணி வீட்டைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. வழிநெடுக ஊருணியும் சுமைதாங்கிக் கல்லும் சத்திரமும் இருந்தன. ராமேஸ்வரம் போகிறவர்களுக்காகத் தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரத்தநாட்டில் கட்டிய முத்தம்பாள் சத்திரம் அதற்கு இன்றும் சாட்சி. தங்குமிடம் பாதையைச் சேர்ந்த பொதுச்சொத்தாக இருந்தது. ஓடும் வீடு அதே வசதியைத் தனிச்சொத்தாக வாங்கச் சொல்கிறது. தனிச்சொத்துக்கு விலை அதிகம்.

அந்த விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு லட்சத்துக்கு வாங்கிய பழைய வேனை 5 ஆண்டு வைத்திருந்து 80,000 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 24,000 ரூபாய் மதிப்பிலேயே கரைகிறது. இன்சூரன்ஸ், டயர், பேட்டரி, சர்வீஸ் என்று இன்னொரு 21,000 போனால் ஆண்டுக்கு 45,000. ஆண்டில் 15 இரவு வெளியே தங்கினால், பெட்ரோலைச் சேர்க்காமலே ஓர் இரவுக்கு 3,000 ரூபாய். தீர்த்தமலைக்குப் பக்கத்து ஊரான அரூரில் ஓர் எளிய லாட்ஜ் அறைக்கு அவ்வளவு ஆகாது. உள்வேலைக்கு இன்னும் ஒரு லட்சம் செலவழித்தால் கணக்கு மேலும் கெடும். அடுத்து வாங்குகிறவருக்கு வேண்டியது இருக்கை. நம் கட்டிலுக்கு அவர் காசு தரமாட்டார். ஆக அந்த ஒரு லட்சமும் போனது போனதுதான். இரவு ஒன்றுக்கு 4,300 ரூபாயைத் தாண்டிவிடும். வயதான வண்டிக்கு வேறு செலவும் உண்டு. ஆம்னி உற்பத்தி 2019இல் நின்றுவிட்டது. மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 15 ஆண்டை நெருங்கியவை. 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது.

பணத்தை விடுவோம், சட்டம் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்தும் ஆர்.சி.யில் உள்ள விவரத்திலிருந்தும் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இருக்கையைக் கழற்றிவிட்டு மேடை அடித்த வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீடு கேட்கப் போகும் இடத்தில் முதல் கேள்வி அந்த மேடையைப் பற்றித்தான் வரும். அதைவிடப் பெரியது உயிர். 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலா ரயில்பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த எரிவாயு சிலிண்டரில் சமைக்கப்போய்த் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், நிறுத்தியிருந்த கேரவனில் தூங்கிய இருவர் ஜெனரேட்டர் கக்கிய கார்பன் மோனாக்சைடால் மாண்டார்கள். தொழில்முறையாகக் கட்டிய வண்டியிலேயே இது நடக்கும் என்றால், தெரிந்த வெல்டரையும் தச்சரையும் வைத்துச் சிக்கனமாக அடித்த கூட்டுக்குள் அடுப்பு வைப்பதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவை லேசானவையும் அல்ல. லாட்ஜ் கணக்கை வைத்துச் சுதந்திரத்தை அளக்கலாமா என்று கேட்பார்கள். அளக்க முடியாதுதான். ஆனால் அந்தச் சுதந்திரத்தைத் தருவது வண்டி. கட்டிலும் அலமாரியும் அதில் எதையும் கூட்டுவதில்லை. வண்டி சும்மா நிற்கும் நாளெல்லாம் நட்டம் என்பதால், மற்ற நாட்களில் குடும்பத்தையும் வீட்டுச் சாமானையும் ஏற்ற உதவும் வேனில்தான் அந்த 45,000 பல வேலைகளுக்குப் பங்காகும். உள்ளே வீடு கட்டிவிட்டால் வண்டி அந்த வேலைகளுக்கு உதவாது. வண்டியே வாழ்க்கையாகி, ஆண்டில் பாதி நாள் அதில் தங்குகிறவருக்குக் கணக்கு மாறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் முறையான அனுமதியோடு கட்டட்டும். இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: பெண்களும் முதியவர்களும் குழந்தைகளும் கழிப்பறைக்கு எங்கே போவார்கள்? நியாயமான கேள்வி. ஆனால் ஆம்னியின் ஐந்தடிக்கும் குறைந்த அகலத்துக்குள் அதற்கு விடை இல்லை. அடக்கமாக ஒன்றை வைத்தாலும் அதன் கழிவை எங்கே கொட்டுவது என்ற கேள்வி மிஞ்சும்; நம் ஊர்களில் அதற்கென்று இடம் கிடைப்பது அரிது. சித்திரை வெயிலும் அப்படித்தான். ஆம்னியின் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பகலெல்லாம் காய்ந்த தகரக் கூரையின் கீழ் அந்தச் சூடும் சேர்ந்தால், எத்தனை விலை உயர்ந்த மெத்தையும் தூக்கம் தராது. வாசலில் பாய் விரிக்க ஓர் இடம் கிடைத்தால் தூங்கலாம்.

ஆகவே இரண்டு லட்சத்தையும் பிரேக், டயர், வயரிங், துருப்பிடிக்காத அடித்தகடு இவற்றுக்கே செலவிடச் சொல்வேன். கொசுவலை, பாய், தண்ணீர் கேன் போன்றவை எந்த வண்டிக்கும் மாறிக்கொள்ளும். மிச்சம் உள்ளதைப் பணத்தால் வாங்க முடியாது, கேட்டுத்தான் பெற வேண்டும்: அடிவாரங்களிலும் ஆற்றங்கரைகளிலும் பூட்டிக் கிடக்காத கழிப்பறை, இரவில் எரியும் விளக்கு, வேலை செய்யும் குழாய். 2010இல் மத்திய சுற்றுலா அமைச்சகமும் 2021இல் கேரள அரசும் கேரவன் கொள்கை வகுத்தபோது வண்டிகள் நிற்க வசதியுள்ள பூங்காக்களையும் சேர்த்தே திட்டமிட்டன. கேரவனுக்கே நிற்க இடம் வேண்டியிருக்கிறது என்றால், சாதாரண வேனுக்கு அது இன்னும் அவசியம். ஊராட்சி ஒன்று ஒரு கழிப்பறையைச் சுத்தமாக வைத்திருந்தால் ஆயிரம் வேன்களுக்கு உள்வேலை செலவு மிச்சமாகும். வசதி குறைந்தவர் ஊர் சுற்றுவதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது.