சுமக்கிறவனும் சுமத்துகிறவனும்



யாத்திராகமம் 23-ம் அதிகாரத்தில் சிறியதொரு கட்டளை உண்டு. உன் பகைவனுடைய கழுதை சுமையின்கீழ் விழுந்து கிடக்கக் கண்டால் பாராமுகமாய்ப் போகாதே, அதைத் தூக்கிவிட அவனுக்குக் கைகொடு என்பது அதன் கருத்து. வாயில்லாப் பிராணியின் முதுகிலுள்ள பாரத்தையே கவனிக்கும் இறைவன், அளவுக்கு மிஞ்சிய பாரத்தோடு நம் வீதிகளில் ஓடும் லொறிகளையும் அவற்றின் சாரதிகளையும் கவனியாமல் இருப்பாரா?

புத்தளம் மாவட்டம் சுமந்து பிழைக்கும் மாவட்டம். புத்தளத்து உப்பும், பாலாவிச் சீமெந்தும், கற்பிட்டி மீனும், சிலாபத்துத் தேங்காயும் லொறியேறித்தான் ஊர் ஊராய்ப் போகின்றன. மாவட்டத்தின் தெற்கு எல்லையான மகா ஓயாவிலும், சிலாபத்தருகே கடலில் கலக்கும் தெதுறு ஓயாவிலும் அள்ளப்படும் மணலும் அப்படியே. நம் பங்குகளில் எத்தனையோ அடுப்புகள் சாரதிமாரின் உழைப்பால் எரிகின்றன. அது கண்ணியமான உழைப்பு. அதைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் அளவு என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு லொறிக்கும் அது சுமக்கக்கூடிய எடையைச் சட்டம் வரையறுத்திருக்கிறது. மணலுக்கோ, 1992-ம் ஆண்டின் 33-ம் இலக்கச் சட்டத்தின்கீழ் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரமும் வேண்டும். ஒரு கியூப் என்பது 100 கன அடி. அது ஏறக்குறைய நாலரைத் தொன். 'அரைக் கியூப் கூடினால் என்ன?' என்கிறோம். அந்த அரைக் கியூப் இரண்டு தொன்னுக்கும் மேல். ஈர மணலாயின் இன்னும் அதிகம்.

அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை, வீதிகள் போட்டு, அவற்றின்மேல் பாரமேற்றிய லொறிகளை இரவு பகலாய் ஓட்டிப் பரிசோதித்தார்கள். அதிலிருந்து பொறியியலாளர் கண்ட கணக்கு நம்மைத் திடுக்கிட வைக்கும். அச்சின்மேல் பாரம் ஐந்திலொரு பங்கு கூடினால் வீதிக்கு வரும் சேதம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. பாதிப்பங்கு கூடினால் 5 மடங்கு. பாரம் இரட்டித்தால் 16 மடங்கு. மேலதிக மணலின் இலாபம் ஒருவருடைய பைக்குள் போகிறது. குழி விழுந்த வீதியோ, சைக்கிளில் மீன் விற்பவருக்கும், பாடசாலைப் பிள்ளைகளுக்கும், தலவில அன்னம்மாளின் திருவிழாவுக்குப் போகும் யாத்திரிகருக்கும் பங்காகிறது. பொதுச் சொத்தை இப்படித் தேய்ப்பது ஏழாம் கட்டளைக்கு அடுத்த காரியம் அல்லவா? பாரம் கூடக்கூட பிரேக் பிடிக்கும் தூரமும் நீளும். சில்லு சூடேறி வெடிக்கும். அப்போது அது ஐந்தாம் கட்டளையையும் தொடுகிறது.

இந்தப் பாவம் யாருடையது? சாரதி சொல்லுவார்: "சுவாமி, நான் ஏற்ற மாட்டேன் என்றால், முதலாளி நாளைக்கே சாவியை வேறொருவனிடம் கொடுப்பார்." இது பொய்ச்சாட்டு அல்ல. நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசி, அந்தக் கூலியையும் இறுக்கிப் பிடித்தால், அவர் வேறென்ன செய்வார்? பார்வோன் வைக்கோலை நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கை மட்டும் குறையாமல் கேட்டான். பிறர் தோளில் பாரமேற்றிவிட்டுத் தாம் விரலாலும் தொடாதவர்களை ஆண்டவர் கண்டித்த கண்டிப்பை மத்தேயு நற்செய்தி 23-ம் அதிகாரத்தில் காணலாம். சாரதியின் குற்றம் இல்லாமற் போவதில்லை; ஆனால் கனமான பங்கு வேறிடத்தில் இருக்கிறது.

பிறர் பாவத்தில் நாம் பங்காளியாகும் ஒன்பது வழிகளை மூத்தவர்கள் ஞானோபதேச வகுப்பில் படித்திருப்பார்கள். கட்டளையிடுவது, சம்மதிப்பது, பேசாமலிருப்பது, ஆதாயத்தில் பங்குகொள்வது ஆகியவை அவற்றுள் அடங்கும். கட்டளையிடுகிறவர் முதலாளி. கைநீட்டிவிட்டு வழிவிடுகிற அதிகாரி சம்மதிக்கிறவர். ஆதாயத்தில் பங்குகொள்கிறவர் யார்? வீடு கட்டும்போது, "அதே காசுக்குக் கொஞ்சம் கூடப் போட்டுத் தாருங்கள்" என்று கேட்கிற நாம்தான். பங்கு மண்டபம் கட்டும் குழுவும் இதற்கு விலக்கல்ல. ஆறு கடலுக்குக் கொண்டுவர வேண்டிய மணல் லொறியேறிப் போய்விட்டால், கடல் கரையை அரிக்கிறது. கரையோரத்து மீனவர் குடிசை ஆடுகிறது. அந்த மணலால் எழுப்பிய சுவரில் திருச்சிலுவையை மாட்டினால் மட்டும் கணக்குத் தீருமா?

ஆகையால் முதலாளிமாரே, நடைக் கணக்கை விட்டு, குடும்பம் வாழக்கூடிய சம்பளத்தை நிச்சயமாகக் கொடுங்கள். சாரதிமாரே, தனியொருவர் மறுத்தால் வேலை போகும்; பத்துப்பேர் ஒன்றாய் மறுத்தால் பேச்சுவார்த்தை வரும். வாங்குகிறவர்களே, அனுமதிப்பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். நியாய விலையைக் கொடுங்கள். இதைப் பங்குக் கட்டடக் குழுக்களே முதலில் தொடங்கட்டும். திருடியதைத் திருப்பிக் கொடாமல் மனஸ்தாபம் முழுமையாவதில்லை. உடைத்த வீதியை ஒருவர் திருப்பிக் கொடுக்க முடியாதாயினும், விபத்தில் முடமானவரின் குடும்பத்தைத் தாங்கலாம். நாளைய சுமையைக் குறைக்கலாம்.

2007-ம் ஆண்டில் வத்திக்கான் வெளியிட்ட வீதி மேய்ப்புப்பணி வழிகாட்டி, சாரதிகளுக்கென்றே பத்துக் கட்டளைகளை வகுத்தது. முதலாவது கொலையைத் தடுப்பது. அவற்றைச் சாரதியிடம் மட்டும் ஒப்புவித்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

கள்ளத் தராசை வெறுத்து, நிறைவான எடையில் மகிழும் இறைவன், நம் லொறிகளையும் நம் மனச்சாட்சிகளையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கிறார். ஓட்டப் போகிறவர் அந்தியில் பத்திரமாய் வீடு திரும்ப, இன்று காலை ஏற்றுகிறவர் அளவோடு ஏற்றுவாராக.