கருவின் செவிக்கு நம் கடமை என்ன?

வடபழனியில் முகூர்த்த நாள் வந்தால் மண்டபங்களில் வளைகாப்பு! சூல் கொண்ட மங்கையின் கைநிறையக் கண்ணாடி வளையல் அடுக்குகிறார்கள். ஏன் என்று வினவினால், வயிற்றுப் பிள்ளை ஓசை கேட்டு மகிழும் என்கிறார்கள். பிள்ளையின் செவியை நினைக்கும் அன்பு போற்றத்தக்கதே. ஆனால், அம்மங்கையைப் பெற்றவள் கணவனை இழந்தவளாயின், வளையல் பூட்ட அவளை அழைப்பதில்லை. தூணோரம் நிற்க வைக்கிறார்கள். பேரப்பிள்ளையின் செவிக்கு விருந்து, பாட்டியின் கைக்குத் தடை! இது என்ன நீதி, தோழர்களே?

அபிமன்யு கருவிலேயே சக்கரவியூகம் கற்றான், பிரகலாதன் கருவிலேயே உபதேசம் பெற்றான் என்பது பழங்கதை. அக்கதைக்குப் புதுச் சட்டை மாட்டி, ‘கர்ப்ப சம்ஸ்காரம்’ என்று இன்று கட்டணம் வாங்குகிறார்கள். மந்திரம் கேட்டால் மேதை பிறக்குமாம்!

அறிவியல் கூறுவது வேறு. ஏறத்தாழ 24 வாரங்களில் உட்செவி ஒலியை உணரத் தொடங்குகிறது. கீச்சொலி கருப்பைக்குள் மங்கிவிடும். கனத்த, தாழ்ந்த ஒலியே ஊடுருவும். வளையலின் கிணுகிணுப்பினும் தாயின் குரலே, அவள் உடல் வழியாகவும் சென்று, நன்றாகச் சேர்கிறது. 1980இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் எனும் ஆய்வாளர் இருவர், பிறந்து மூன்று நாள் நிறையாத குழந்தைகளிடம் சோதனை நடத்தினர். ரப்பர்க் காம்பைச் சப்பும் முறையை மாற்றினால் குரல் மாறும். குழந்தைகள் அயலாள் குரலை விடுத்துத் தாயின் குரலையே நாடின. குழந்தை அறிந்தது குரலை, பொருளை அன்று. பொருள் விளங்க எத்தனை ஆண்டு வேண்டும் என்பதை, வகுப்பில் நாள்தோறும் நிற்கும் நாம் அறிவோம்.

அங்ஙனமாயின், நம் கடமை என்ன? காதைப் பொத்தவோ, எழுந்து அகலவோ இயலாத உயிர் அது. இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாதென்பது 2000ஆம் ஆண்டு விதிகளின் பொதுக் கட்டளை. கோயில் விழாவாயினும், நமது மேடையேயாயினும், அதை மதிப்போம். ஊருக்கு அறிவு சொல்வோர் உறங்கும் தாயை எழுப்பலாமா?

அடுத்த கடமை வீட்டுக்குள் இருக்கிறது. தாயின் குரலே பிள்ளை கேட்கும் முதற்குரல் எனில், அக்குரல் அஞ்சி அடங்காதிருக்கட்டும். தூணோரம் நிற்பவளை அழைப்போம்; முதல் வளையலை அவளே பூட்டட்டும். சுமங்கலி யார், கைம்பெண் யார் என்று கருவின் செவி கேட்பதில்லை. கேட்பது நாம்தான்!